டெட்லைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்லைன் என்றால் சரியாக என்ன?

ஒரு வேலையை முடித்து ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரம். ‘கடைசி’ என்பதில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. அந்த நேரம் தாண்டினால் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் பயன்படாது. இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லையென்றால் அது டெட்லைன் இல்லை, யாரோ ஒருவரின் ஆசைத் தேதி. ஆபீசில் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் ‘டெட்லைனா, அது கிடக்கு’ என்ற அலட்சியம் வருகிறது. உங்களிடம் ஒரு தேதி சொல்லப்பட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “அன்னைக்கு வரலைன்னா என்ன நின்னு போகும்?” பதில் இருந்தால் டெட்லைன்.

எப்படி உச்சரிப்பது? சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

டெட்லைன். ‘டெ’ குறில், ஒரே சொல்லாகச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். நெடிலாக்கி ‘டேட்லைன்’ என்றால் அது வேறு சொல். செய்தியின் தொடக்கத்தில் ‘மதுரை, ஜூன் 12’ என்று ஊரும் நாளும் போடுகிறார்களே, அந்த வரிக்குப் பெயர்தான் டேட்லைன். தேதி சம்பந்தப்பட்டதுதானே என்று இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பிரித்து ‘டெட் லைன்’ என்று எழுதினால் உயிர் போன தொலைபேசி இணைப்பு நினைவுக்கு வரும்.

அதில் ‘டெட்’ எதற்கு? யார் செத்தார்கள்?

உண்மையிலேயே செத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) தெற்கு மாநிலப் படை ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் ஒரு போர்க்கைதிகள் முகாம் வைத்திருந்தது. அதிகாரப் பெயர் கேம்ப் சம்டர். 1864 பிப்ரவரியில் கைதிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் பதினாறரை ஏக்கர். அந்த ஜூனில் இருபத்தாறரை ஏக்கராக விரித்தார்கள். ஆகஸ்டில் அதற்குள் 30,000 பேருக்கும் மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். கூரை கிடையாது. நடுவில் ஓடிய ஓர் ஓடைதான் குடிக்கவும் குளிக்கவும் கழிவுக்கும்.

சுற்றி மரக்கட்டைகளை நட்டு எழுப்பிய உயரமான மதில். மதிலுக்கு உட்புறம் சுமார் 20 அடி தள்ளி, சிறு கம்பங்களை நட்டு அவற்றின் மேல் மெல்லிய மரச்சட்டத்தை ஓட்டியிருந்தார்கள். இடுப்புயர வேலி, தாண்டக் கால் தூக்கினால் போதும். தாண்டினால், ஏன், தொட்டாலே, மதில் மேல் பரணில் நிற்கும் காவலாளி எச்சரிக்காமல் சுடலாம். அந்த மரச்சட்டத்துக்குத்தான் ‘டெட் லைன்’ என்று பெயர். ஓடை மதிலுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும் என்று சட்டத்துக்கு அடியில் கையை நீட்டிச் சுடப்பட்டவர்களும் உண்டு.

14 மாதங்களில் அந்த முகாமுக்கு வந்த சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது துப்பாக்கி இல்லை. வயிற்றுப்போக்கும் ஸ்கர்வி என்ற சத்துக்குறை நோயும் பட்டினியும். போர் முடிந்ததும் முகாமை நடத்திய கேப்டன் ஹென்றி விர்ஸ் விசாரணைக்கு உள்ளாகி, 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். குற்றப்பத்திரிகையிலேயே இந்தக் கோட்டைப் பற்றித் தனியாக எழுதியிருந்தார்கள். விசாரணைச் செய்திகள் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்ததால், சொல் சிறைக்கு வெளியே பரவியது.

சிறைக்கோடு எப்படி ஆபீஸ் தேதியானது?

‘சிறையில் இருந்தது, பிறகு ஆபீசுக்கு வந்தது’ என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் ஒரே தாவலில் முடித்துவிடுகின்றன. இடையில் அரை நூற்றாண்டு இருக்கிறது. அந்த ஐம்பது வருடமும் டெட்லைன் என்றால் இடம்தான், நேரம் இல்லை.

1880-இல் நியூயார்க் போலீஸ் அதிகாரி தாமஸ் பைர்ன்ஸ், ஃபுல்டன் தெருவை ‘டெட் லைன்’ என்று அறிவித்தார். பெயர் தெரிந்த திருடன் எவனும் அதற்குத் தெற்கே, வங்கிகள் நிறைந்த வால் ஸ்ட்ரீட் பக்கம் காலெடுத்து வைத்தால் பிடித்து உள்ளே போடு என்று உத்தரவு. மேற்கு அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் மாட்டுப் பண்ணைக்காரர்கள், ஆட்டுக்காரர்கள் தாண்டக் கூடாத எல்லைக்கும் இதே பெயரை வைத்தார்கள். தாண்டிய மந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

அச்சுக்கூடத்திலும் இந்தச் சொல் இருந்தது. அச்சு இயந்திரத்தின் படுக்கையில் ஒரு கோடு இருக்கும். எழுத்து அதைத் தாண்டிப் போனால் சரியாகப் பதியாது. அதுவும் டெட்லைன். பிறகு 1910-களில், அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் ‘இதற்கு மேல் வரும் செய்தி இந்தப் பதிப்பில் ஏறாது’ என்ற நேரத்தைக் குறிக்கத் தொடங்கினார்கள். கோடு கடிகாரத்துக்குள் புகுந்தது அப்போதுதான். 1920 வாக்கில் இந்தப் பொருள் நிலைத்துவிட்டது. பத்திரிகையிலிருந்து விளம்பரம், அங்கிருந்து எல்லா அலுவலகங்களும்.

பத்திரிகைக்காரர்களிடம் மட்டும் சொல்லின் பழைய கூர்மை இன்னும் மழுங்கவில்லை. வெளியூருக்குப் போகும் ‘டாக்’ எடிஷன் முன்னிரவிலேயே அச்சுக்குப் போய்விடும். நகரப் பதிப்பு நள்ளிரவு தாண்டி. நள்ளிரவுக்கு முன் முடிகிற கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு சென்னைக்காரர் பேப்பரில் இருக்கும், தூரத்து ஊர்க்காரர் பேப்பரில் இருக்காது. அங்கே டெட்லைனைத் தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி கிளம்பிவிடும்.

தமிழில் என்ன சொல்வது?

ஒரே சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ‘காலக்கெடு’, சுருக்கமாகக் ‘கெடு’, நேரடியாகப் பொருந்துகிறது. இந்தக் ‘கெடு’வைக் கெட்டுப்போவது என்ற வினையோடு குழப்ப வேண்டாம், தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் ‘கடுவு’ என்ற சொல் இருக்கிறது. ஒரு சங்கடம் என்னவென்றால், ‘24 மணி நேரம் கெடு’ என்று போராட்டக்காரர்கள் அரசுக்கு விடுப்பதும் கெடுதான். எனவே சக ஊழியருக்கு ‘உங்களுக்கு வெள்ளி வரை கெடு’ என்று எழுதினால் மிரட்டல் வாடை அடிக்கும். ‘வெள்ளி கடைசி நாள்’ என்றால் அடிக்காது.

‘தவணை’ கடன் கட்டுவதற்கு உரிய சொல். இலங்கையில் பள்ளிப் பருவத்துக்கே தவணை என்றுதான் பெயர், ‘இரண்டாம் தவணைப் பரீட்சை’ என்பார்கள். ‘வாய்தா’ கோர்ட்டில் வழக்கு தள்ளிப்போகும் தேதி. வாக்குறுதி என்ற பொருளுள்ள உருதுச் சொல்லிலிருந்து வந்தது. ‘வாய்தா மேல வாய்தா’ என்பதிலிருந்தே அது எவ்வளவு நம்பத்தகுந்த தேதி என்று தெரியும். விண்ணப்பங்களுக்குத் தமிழ்நாட்டில் ‘கடைசி நாள்’, இலங்கையில் ‘முடிவுத் திகதி’.

டியூ டேட், டார்கெட், டைம்லைன், கட்-ஆஃப் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. டியூ டேட் என்பது செலுத்த வேண்டிய நாள். அது கடந்தாலும் பெரும்பாலும் கதவு திறந்தே இருக்கும், கட்டணம்தான் கூடும். வருமான வரிக் கணக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025–26 மதிப்பீட்டு ஆண்டுக்கு, தணிக்கை தேவைப்படாத தனிநபருக்கான டியூ டேட் வழக்கமான ஜூலை 31-இலிருந்து 2025 செப்டம்பர் 15-க்கு நீண்டது. கடைசியில் இன்னும் ஒரு நாள் கூட்டி 16 ஆனது. அதையும் விட்டவர்கள் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்கு தாக்கல் செய்ய முடிந்தது, 5,000 ரூபாய் வரை கட்டணத்தோடு (மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 1,000 வரை). இதில் செப்டம்பர் தேதி டியூ டேட். டிசம்பர் 31-தான் டெட்லைன்.

டார்கெட் என்பது எட்ட நினைக்கும் நாள். டைம்லைன் என்பது முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரையிலான முழு அட்டவணை. நம் ஆபீஸ்களில் ‘டைம்லைன் என்ன?’ என்று மரியாதையாகக் கேட்டால் ‘டெட்லைன் என்ன?’ என்றுதான் பொருள். கட்-ஆஃப் என்பது தினமும் திரும்பத் திரும்ப வரும் எல்லை: மதியம் 3 மணிக்கு மேல் வரும் ஆர்டர் நாளைக் கணக்கில் சேரும் என்பது போல. தாண்டினால் வேலை சாகாது, அடுத்த வண்டியில் ஏறும்.

“வெள்ளிக்குள்” என்றால் வெள்ளிக்கிழமை சேர்த்தியா?

தமிழ் ஆபீஸ்களில் அதிகம் சண்டை மூட்டும் விகுதி இந்த ‘-க்குள்’. சொல்பவர் வியாழன் இரவோடு முடிய வேண்டும் என்று நினைப்பார். கேட்பவர் வெள்ளி மாலை ஆறு மணிக்கு அனுப்புவார். இரண்டு பேரும் தங்கள் தமிழ் சரி என்பார்கள். இருவர் சொல்வதும் சரிதான்.

இதே குழப்பம் ஆங்கிலத்திலும் தொடர்கிறது. ‘வெள்ளிக்குள்ள’ என்பதை அப்படியே ‘விதின் ஃபிரைடே’ என்று எழுதுகிறார்கள். ‘விதின்’னுக்குப் பின்னால் கால அளவுதான் வரும்: ‘விதின் டூ டேஸ்’. நாளின் பெயர் வந்தால் ‘பை ஃபிரைடே’. ‘பிஃபோர் ஃபிரைடே’ என்றால் வெள்ளி சேராது. ‘டில் ஃபிரைடே’ என்றால் வெள்ளி வரை அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். ‘ஐ வில் ஃபினிஷ் டில் ஃபிரைடே’ என்று எழுதக் கூடாது. சந்தேகமே வேண்டாம் என்றால் ‘வெள்ளி, 14-ஆம் தேதி, மாலை 4 மணி’ என்று மூன்றையும் எழுதுங்கள். கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால், ஒன்று தவறாக இருந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

‘இஓடி’ என்று மெயில் வருகிறது. யாருடைய நாள் முடிவு?

‘எண்ட் ஆஃப் டே’யின் சுருக்கம். அனுப்பியவரின் வேலை நாள் முடிவு என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் நியூயார்க்கில் இருந்தால், அங்கே மாலை 5 மணி என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 2.30, அவர்கள் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு 3.30. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மீண்டும் 2.30. சான் பிரான்சிஸ்கோ என்றால் 5.30 அல்லது 6.30. லண்டன் மாலை 5 நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. இந்தப் பக்கம் நமக்கு ஆதாயம்.

அடிபடுவது கிழக்குப் பக்கத்தில். சிங்கப்பூர் மாலை 6 மணி என்றால் இங்கே பிற்பகல் 3.30. அமெரிக்க வாடிக்கையாளரின் தாராளத்துக்குப் பழகியவர்கள் சிங்கப்பூர் வாடிக்கையாளரிடம் முதல் மாதமே மாட்டிக்கொள்வது வழக்கம்.

ஆய்வு மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்புபவர்கள் ‘ஏஓஇ’ (‘எனிவேர் ஆன் எர்த்’) என்ற குறிப்பைப் பார்ப்பார்கள். பூமியில் எங்காவது ஓர் இடத்தில் அந்த நாள் மிச்சமிருந்தால் போதும் என்று பொருள். உலக நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கிய கணக்கு. 15-ஆம் தேதி இரவு 11.59 ஏஓஇ என்றால் இந்தியாவில் 16-ஆம் தேதி மாலை 5.29.

‘15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி’ என்றால் எந்த இரவு?

14 இரவு முடிந்து 15 பிறக்கும் நேரமா, 15 முடியும் நேரமா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ‘15-ஆம் தேதி இரவு 11.59’ என்று போடுகிறார்கள். தேதியை எண்ணில் எழுதும்போதும் இதே ஆபத்து: 04/05 என்பது நமக்கு மே 4, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதினால் தீர்ந்தது.

“நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள்” என்பதை எப்படி எண்ணுவது?

கிடைத்த நாளை விட்டுவிட்டு, மறுநாளை ஒன்று என்று எண்ண வேண்டும். 1-ஆம் தேதி கிடைத்தால் 2-ஆம் தேதி முதல் நாள், 16-ஆம் தேதி பதினைந்தாம் நாள், அன்றும் சேர்த்தி. இந்தியாவில் 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், பிரிவு 9, தொடக்க நாளை விட்டு இறுதி நாளைச் சேர்க்கும் இந்த முறையைத்தான் சொல்கிறது. வழக்குகளுக்கான 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 12-உம் அதே வழியில் போகிறது. ‘வேலை நாட்கள்’ என்று தனியாக எழுதியிருந்தால் தவிர, ஞாயிறும் பண்டிகையும் எண்ணிக்கையில் உண்டு.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால்?

மத்தியச் சட்டத்தின்படி நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய காரியமென்றால், அந்த அலுவலகம் அன்று மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் காலத்தில் செய்ததாகவே ஆகும். 1897-ஆம் ஆண்டின் அதே பொது விதிகள் சட்டத்தின் பிரிவு 10 இது. ஆனால் இதை எல்லா இடத்திலும் நம்பி உட்கார வேண்டாம். இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் ‘30-ஆம் தேதி’ என்று எழுதியிருந்தால் ஞாயிறாக இருந்தாலும் 30 தான், ஒப்பந்தத்திலேயே விடுமுறைக்கு வழி சொல்லியிருந்தால் ஒழிய.

ஆன்லைனில் கடைசி நிமிடத்தில் அனுப்பியும் ஏற்கவில்லை. ஏன்?

கணக்கில் வருவது உங்கள் கைக்கடிகாரம் இல்லை, அவர்களுடைய சர்வர் கடிகாரம். அரசு மின்-டெண்டர் தளங்களில் அந்த நேரம் திரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம், கோப்பு ஏற்றுவது வேறு, சமர்ப்பிப்பது வேறு. எல்லா ஆவணத்தையும் ஏற்றி, டிஜிட்டல் கையொப்பமும் போட்டு, கடைசியில் ‘ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்’ பொத்தானை அழுத்தாமல் எழுந்து போகிறவர்கள் உண்டு. அதை அழுத்தி, ஒப்புகை எண்ணோடு ரசீது கைக்கு வந்தால்தான் டெண்டர் போட்டதாக அர்த்தம்.

வழக்கமாகக் காலை வாருபவை: கையொப்ப டோக்கனின் காலாவதி, புது பிரவுசருக்கு ஒத்துவராத டோக்கன் மென்பொருள், வரம்பைத் தாண்டிய பிடிஎஃப் அளவு, கட்டணம் வங்கியில் கழிந்தும் தளத்தில் ஏறாதது. கடைசிச் சிக்கலுக்கு மட்டும் 24 மணி நேரம் முன்னதாகக் கட்டுவதைத் தவிர வழியில்லை. மற்றவற்றை முந்தின நாளே ஒரு ஒத்திகை பார்த்தால் தெரிந்துவிடும். தபாலில் அனுப்புவதென்றால் ‘சேர வேண்டிய கடைசி நாளா, அனுப்ப வேண்டிய கடைசி நாளா’ என்று அறிவிப்பில் பாருங்கள். பெரும்பாலும் முன்னதுதான்.

ஆங்கிலத்தில் டெட்லைனோடு என்ன வினைச்சொல் போடுவது?

நேரத்துக்கு முடித்தால் ‘மீட்’, தவறினால் ‘மிஸ்’, நிர்ணயித்தால் ‘செட்’, நீட்டித்தால் ‘எக்ஸ்டெண்ட்’. ‘டெட்லைன் கிராஸ் ஆயிடுச்சு’ என்று நாம் பேசுவதை அப்படியே எழுதினால் வெளிநாட்டவருக்குப் புரியும், ஆனால் அவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். வினோதம் என்னவென்றால், சொல்லின் பிறப்பைப் பார்த்தால் ‘கிராஸ்’தான் அசல்.

‘எக்ஸ்டெண்டட் டு ஃபைவ் டேஸ்’, ‘எக்ஸ்டெண்டட் பை ஃபைவ் டேஸ்’ இரண்டும் வேறு. முன்னதில் மொத்தமே ஐந்து நாள். பின்னதில் இன்னும் ஐந்து நாள் கூடுகிறது. ‘மூவ்டு ஃபார்வர்ட்’ இன்னும் மோசம்: சிலருக்கு முன்னதாக, சிலருக்குப் பின்னால். முன்னதாக்குவதைச் சொல்லும் நம் ஊர் ‘ப்ரீபோன்’ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஆனால் இந்தியாவுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. புதுத் தேதியை எழுதிவிட்டால் எந்த வினைச்சொல்லும் ஏமாற்றாது.

கூடுதல் அவகாசம் எப்படிக் கேட்பது?

கடைசி நாள் மாலை கேட்டால் அது வேண்டுகோள் இல்லை, செய்தி. தாமதமாகும் என்று தெரிந்த அன்றே கேளுங்கள். முடிந்தது எவ்வளவு, முடியாதது எது, காரணம், புதுத் தேதி, பழைய தேதியில் எதைத் தர முடியும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். 10-ஆம் தேதி அனுப்பும் ஒரு மெயில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். ஸ்டாக் அறிக்கை 12-ஆம் தேதி மாலை 5 மணிக்குத் தர வேண்டியது. ஏழு குடோனில் ஐந்தின் கணக்கு முடிந்தது. ஓசூர், ஈரோடு எண்கள் இன்னும் வரவில்லை. 13-ஆம் தேதி மதியம் தருவதாகச் சொல்கிறார்கள். ஐந்து குடோன் அறிக்கையைச் சொன்னபடி 12-ஆம் தேதி கொடுத்துவிடுகிறேன். முழு அறிக்கைக்கு 14-ஆம் தேதி காலை 11 மணி வரை அவகாசம் வேண்டும். ஆடிட்டருக்கு 12-ஆம் தேதியே முழுதாகத் தேவை என்றால் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் போன மாத எண்ணைப் போட்டு ‘தற்காலிகம்’ என்று குறித்து அனுப்புகிறேன்.”

இதில் ‘மன்னிக்கவும்’ ஒரு முறைகூட இல்லை. தேவையும் இல்லை. படிப்பவருக்கு முடிவெடுக்க வேண்டிய எல்லாம் இருக்கிறது. இன்னொன்று: அவகாசம் ஒரு முறைதான் கேட்க முடியும் என்று வைத்துக்கொண்டு தேதி போடுங்கள். ‘இன்னும் ஒரு நாள்’ என்று மூன்று முறை கேட்பவரைவிட, நான்கு நாள் கேட்டு மூன்றில் தருபவருக்கு மதிப்பு அதிகம்.

எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் ஏன் தாமதமாகிறது?

மனிதர்கள் எல்லாரும் இப்படித்தான். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்தார்கள். 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கைக்கூட நிஜம் தாண்டிவிட்டது.

இதற்கு ஒரு மருந்து, ஒரே எண்ணைச் சொல்லாமல் மூன்று எண்ணை எடுப்பது. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான ‘பெர்ட்’ முறையில், எல்லாம் நன்றாகப் போனால் ஆகும் நாளோடு, வழக்கமாக ஆகும் நாளை நாலால் பெருக்கிக் கூட்டி, மோசமாகப் போனால் ஆகும் நாளையும் சேர்த்து ஆறால் வகுப்பார்கள். 3, 5, 13 நாள் என்றால், 3 + 20 + 13 = 36; வகுத்தால் 6 நாள். வாயில் முதலில் வருவது ஐந்து. தேதி போட வேண்டியது ஆறுக்கு.

இன்னொரு மருந்து, பின்னாலிருந்து எண்ணுவது. சென்னையில் 25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விழா. மலர் சிவகாசியில் அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டு 24 வியாழன் கைக்கு வர வேண்டுமானால் 23 புதன் லாரி ஏற வேண்டும். பைண்டிங் 21, 22. இருபது ஞாயிறு. மை உலர 19. அச்சு 17, 18. பிளேட் போட 16. ஆக, இறுதி பிடிஎஃப் 15 செவ்வாய் மாலை அச்சகத்தில் இருக்க வேண்டும். இரண்டு சுற்று புரூஃப் பார்க்க 11 முதல் 15 வரை, நடுவில் ஒரு ஞாயிறு. லேஅவுட் 7 முதல் 10. கட்டுரையெல்லாம் 5-ஆம் தேதி சனிக்கிழமையே வந்திருக்க வேண்டும். ‘மலருக்குத்தான் 25 வரைக்கும் நாள் இருக்கே’ என்று தலைவர் தன் வாழ்த்துரையை 18-ஆம் தேதி அனுப்புவார். அதற்காக அவருக்கு மட்டும் 1-ஆம் தேதி என்று சொல்லி வைப்பது பழைய மலர்க்குழுக்களின் வித்தை.

அப்படியானால் எல்லாருக்குமே முன்தேதியாகச் சொல்லிவிடலாமா?

ஓரிருவருக்குச் செல்லும். குழுவுக்கே செய்தால் இரண்டாம் முறை கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உங்கள் தேதியோடு மூன்று நாள் கூட்டித்தான் படிப்பார்கள். நிஜமான அவசரம் வரும்போதும் கூட்டியே படிப்பார்கள். கொடுத்த நேரம் முழுவதையும் வேலை விழுங்கும் என்று 1955-இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் நார்த்கோட் பார்க்கின்சன் எழுதியது வேறு நினைவில் இருக்கட்டும். நீள நீளமாக இடைவெளி விட்டாலும் பயனில்லை. இறுதித் தேதியை உண்மையாகச் சொல்லி, நடுவில் சிறு சிறு ஒப்படைப்புகளை வைப்பதே மேல்: முதல் பத்துப் பக்கம் திங்கள், அட்டவணைகள் புதன்.

ஒப்பந்தத்தில் டெட்லைன் தவறினால் சட்டப்படி என்ன?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55 பேசுவது இதைத்தான். நேரமே ஒப்பந்தத்தின் உயிர் என்று இரு தரப்பும் கருதியிருந்தால், தவறியதும் மறுதரப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்படிக் கருதவில்லையென்றால் ரத்து செய்ய முடியாது, நஷ்டஈடு கேட்கலாம். பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான்: ரத்து செய்யும் உரிமை இருந்தும், தாமதமாக வந்த சரக்கை அப்படியே வாங்கிக்கொண்டால், தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடும். வாங்கும்போதே ‘நஷ்டஈடு கோருவோம்’ என்று அறிவித்திருக்க வேண்டும். அதனால் குடோனில் லாரி வந்து நிற்கும்போது, டெலிவரி சலானில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவதுடன், அன்றே ஒரு மெயிலும் அனுப்பிவிடுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம்’ என்பது போன்ற தாமதப் பிடித்தம் இருந்தால் பிரிவு 74 பொருந்தும். எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமானதைத்தான் நீதிமன்றம் தரும்.

இப்படிப்பட்ட பிறப்புள்ள சொல்லைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பேசுகிற யாருக்கும் அந்த மரச்சட்டம் கண்ணில் தெரிவதில்லை. மனது ஒப்பவில்லை என்றால் ‘கடைசி நாள்’ இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் அதுதான் இன்னும் தெளிவு.